வயதை அல்ல, புகையை அளக்க வேண்டும்

1983 டிசம்பர் 14 அன்று மாருதி 800 காரோடு இந்தியச் சாலைக்கு வந்தது 796 சி.சி. மூன்று சிலிண்டர் இன்ஜின். அந்தக் குடும்பத்தின் கடைசி வாரிசைத் தாங்கிய ஆல்டோ 800 காரின் உற்பத்தி நின்றது 2023 மார்ச் இறுதியில். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள்! இடையில் எத்தனையோ இன்ஜின்கள் பெரிய விளம்பரத்தோடு வந்து, உதிரிபாகம்கூடக் கிடைக்காத நிலைக்குப் போய்விட்டன. இந்தச் சிறிய பெட்ரோல் இன்ஜின் மட்டும் இன்றும் ஊர் ஊராக ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால், பதிவுச் சான்றில் உள்ள ஆண்டை மட்டும் பார்த்து ஒரு வண்டியின் விதியை முடிவு செய்யும் போக்கு அரசிடம் வலுத்துவருகிறது. இது தவறு என்பதே நம் கருத்து.

இந்த இன்ஜினுக்கு மவுசு குறையாததற்கு மக்களின் பழம்பாசம் காரணமல்ல. வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், மேலே ஒற்றை கேம்ஷாஃப்ட், அதைச் சுழற்ற ஒரு பெல்ட் என்று எளிமையான கட்டமைப்பு. தேய்ந்துபோன சிலிண்டரை லேத் பட்டறையில் ரீபோர் செய்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு மறுபடியும் ஓட்டலாம். பழைய ஆறு வால்வு இன்ஜினில் டப்பெட் சத்தம் கேட்டால் மேல்மூடியைக் கழற்றி, ஃபீலர் கேஜைச் செருகிப் பார்த்து, ஸ்க்ரூவைத் திருகி இடைவெளியைச் சரிசெய்துவிடலாம். அதற்குக் கணினி வேண்டாம், கம்பெனியின் கடவுச்சொல்லும் வேண்டாம். இதே இன்ஜினில் ஓடிய மாருதியின் ஆம்னி வேனில் முன் சீட்டைத் தூக்கினாலே இன்ஜின் கண்முன் தெரியும். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வேனாகவும், காய்கறி ஏற்றும் வண்டியாகவும், சிற்றூர்களின் ஆம்புலன்ஸாகவும் ஆம்னி ஓடியதற்கு இந்தச் சுலபமே காரணம். வழியில் நின்றுபோனால் பக்கத்து ஊர் மெக்கானிக் வந்து பார்ப்பார் என்ற நம்பிக்கை ஓட்டுநருக்கு இருந்தது. சென்னையில் ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ பாகம் கிடைக்கும் என்ற நம்பிக்கை அந்த மெக்கானிக்குக்கு இருந்தது. நடுத்தரக் குடும்பம் கார் வாங்கத் துணிந்ததற்கு விலை மட்டும் காரணமல்ல, இந்த நம்பிக்கையும் சேர்ந்ததுதான்.

பழைய இன்ஜின் என்றாலே அழுக்கு இன்ஜின் என்று சொல்பவர்கள் இதன் வரலாற்றை ஒருமுறை படிக்க வேண்டும். சிலிண்டரின் விட்டம் 68.5 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரம் 72 மி.மீ. என்ற அடிப்படை அளவுகள் கடைசிவரை மாறவில்லை. மற்றவை கிட்டத்தட்ட எல்லாமே மாறின. கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. என்ற எரிபொருள் செலுத்தும் முறை வந்தது. ஆல்டோவில் சிலிண்டருக்கு நான்கு வால்வு என்று பன்னிரண்டு ஆனது. தொடக்கத்தில் 40 குதிரைத்திறனைத் தொடாத இன்ஜின், 2012-இல் வந்த ஆல்டோ 800-இல் 47 குதிரைத்திறன் தந்தது. நாடு முழுவதும் பி.எஸ்.-6 புகைத் தரம் கட்டாயமானது 2020 ஏப்ரலில். ஆல்டோ 800 அதற்கு ஓராண்டு முன்பாகவே, 2019 ஏப்ரலில், அந்தத் தரத்துக்கு மாறிவிட்டது. லிட்டருக்கு 22.05 கி.மீ. என்ற சான்றளிக்கப்பட்ட மைலேஜும் அதற்கு இருந்தது. 1980-களின் வடிவமைப்பு ஒன்று 2020-களின் புகைக் கட்டுப்பாட்டை எட்டிப்பிடித்திருக்கிறது என்றால், வடிவமைப்பின் வயதுக்கும் அது கக்கும் நச்சுக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

அடுத்த கட்ட விதிகள் 2023-இல் வந்தபோது இந்த இன்ஜினை மேம்படுத்தச் செலவிடுவது கட்டுப்படியாகாது என்று மாருதி நிறுவனம் முடிவெடுத்தது. அது வணிகக் கணக்கு. அதைக் குறைசொல்ல முடியாது. விற்பனையை நிறுத்த நிறுவனத்துக்கு உரிமை உண்டு. ஏற்கெனவே வாங்கியவரின் வண்டி எத்தனை காலம் ஓட வேண்டும் என்பது வேறு கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டியது சோதனைக் கருவிதான், நாள்காட்டி அல்ல.

மோட்டார் வாகனச் சட்டத்தின்படி சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பிறகு சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். இது நியாயமான ஏற்பாடு. ஆனால், அந்தப் புதுப்பித்தல் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டைக் கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ரூபாயாக உயர்ந்தது. சோதனையில் தேறிய வண்டிக்கும் இதே கட்டணம்தான் என்றால், தண்டிக்கப்படுவது புகை அல்ல. புதுக் கார் வாங்க வசதியில்லாத உரிமையாளர். அரசுத் துறைகளின் வாகனங்களோ 15 ஆண்டு முடிந்ததும் எந்த நிலையில் இருந்தாலும் ஓரங்கட்டப்படுகின்றன. தில்லியில் 2025 ஜூலை 1 முதல் பழைய வண்டிகளுக்கு எரிபொருள் நிரப்பக் கூடாது என்று கிளம்பிய உத்தரவு, மக்கள் எதிர்ப்பால் சில நாளிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. நன்றாகப் பராமரித்த கார் ஏன் பட்டினி கிடக்க வேண்டும் என்ற கேள்விக்கு அதிகாரிகளிடம் பதில் இல்லாமல் போனதை நாடே பார்த்தது.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கேட்டலிடிக் கன்வர்ட்டர் நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமானதே 1995-இல்தான். அதற்கு முந்தைய கார்புரேட்டர் வண்டிகள் இன்றைய கார்களைவிடப் பல மடங்கு நச்சை வெளிவிடுகின்றன என்பது உண்மை. நெரிசல் மிகுந்த நகரத்தில் அவை தினமும் ஓடுவதை நாம் ஆதரிக்கவில்லை. பாதுகாப்பிலும் குறை உண்டு. 2014-இல் குளோபல் என்கேப் அமைப்பு நடத்திய மோதல் சோதனையில், பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஆல்டோ 800 ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. இன்ஜினின் உழைப்பைப் போற்றுவது மெலிந்த கூட்டுக்கு நற்சான்று தருவதாகாது. பிள்ளைகளை ஏற்றும் வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் பாதுகாப்பு விதியைக் கடுமையாக்கினால் முதலில் வரவேற்பது நாமாகத்தான் இருப்போம். அந்த விதியும் பிரேக்கையும் சேஸிஸையும் துருவையும் பார்த்து முடிவு செய்வதாக இருக்க வேண்டும்.

ஆகவே, முதலில் திருத்தப்பட வேண்டியது சோதனை முறை. இன்று பெட்ரோல் பங்க் ஓரத்தில் தரப்படும் புகைச் சான்றிதழ், வண்டி நின்ற நிலையில் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் மட்டுமே பெரும்பாலும் பார்க்கிறது. நைட்ரஜன் ஆக்சைடுகள் அதில் அளக்கப்படுவதே இல்லை. குழாயில் கருவியைச் செருகாமலேயே சான்று வாங்கிவிடலாம் என்ற புகார் ஊரறிந்தது. இந்த ஓட்டையை அடைக்காமல், வயதைக் குறுக்குவழியாகப் பிடித்துக்கொள்வதால் ஐந்து வயதுள்ள, பராமரிப்பில்லாத வண்டி தப்பிவிடுகிறது. இருபது வயதுள்ள, ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட வண்டி சிக்கிக்கொள்கிறது.

அடுத்தது உதிரிபாகம். மக்களுக்குப் பழைய வடிவமைப்பு பிடித்திருப்பதன் சாரமே, கெட்டால் சரிசெய்யலாம் என்பதுதான். இலங்கையை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் கதவு திறந்தது. அந்த ஐந்தாண்டுகளில் அங்கே குடும்பங்கள் இருந்த கார்களை வைத்தே சமாளித்தன. மாருதி 800, ஆல்டோ போன்ற சிறு கார்களைப் பழுதுபார்த்து ஓட்ட முடிந்தது பெரிய துணை. நம் மத்திய அரசு 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்து, இணையதளமும் தொடங்கியது. மோட்டார் வாகனத் துறையும் அதில் சேர்க்கப்பட்டது. ஆனால், அது நிறுவனங்களின் விருப்பத்துக்கு விடப்பட்ட ஏற்பாடாகவே நிற்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-இலேயே, பழுதைக் கண்டறியும் தகவலைத் தனியார் பட்டறைகளுக்கும் தர வேண்டும் என்று வாக்கெடுப்பின் வழியே சட்டமாக்கியது. நமக்கும் அப்படி ஒரு சட்டம் தேவை.

விற்பனை நின்ற நாளிலிருந்து குறைந்தது 15 ஆண்டுகளுக்கு உதிரிபாகமும் பழுதுத் தகவலும் தருவதைக் கார் நிறுவனங்களுக்கு மத்திய அரசு கட்டாயமாக்க வேண்டும். சோதனையில் தேறிய வண்டிக்குப் புதுப்பித்தல் கட்டணத்தைப் பழைய அளவுக்கே குறைக்க வேண்டும். தமிழக அரசு தன் பங்குக்கு, புகையையும் பிரேக்கையும் ஒழுங்காக அளக்கும் தானியங்கிச் சோதனை நிலையங்களை மாவட்டந்தோறும் விரைந்து அமைக்கட்டும். தேறாத வண்டியைத் தயங்காமல் உடைக்கலாம், தேறியதை ஓடவிடுங்கள்.