கிளப் விதிகளும் காணிப்பாக்கத்துச் சத்தியமும்

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம்மவர் பழமொழி. சில கோல்ஃப் கிளப்புகளின் விதிப் புத்தகத்தைப் புரட்டினால், ‘ஆடை முக்கால், ஆள் கால்’ என்று அதைத் திருத்தி எழுதத் தோன்றும். சட்டைக்குக் காலர் இருக்க வேண்டும். சட்டையின் நுனி கால்சட்டைக்குள் செருகியிருக்க வேண்டும். ஜீன்ஸ் கூடாது. கூடத்துக்குள் தொப்பி கூடாது. இதெல்லாம் யாரோ பணக்காரர்கள் சமாச்சாரம், நமக்கென்ன என்று ஒதுக்கிவிட முடியவில்லை. நம் பிள்ளைகள் பள்ளிக்கூடக் குழுவில் கோல்ஃப் ஆடுகிறார்கள். நம்மில் பலரை அலுவலக நண்பர்கள் கிளப் விருந்துக்கு அழைக்கிறார்கள். அந்த வாசலில் நாமும் நிற்கத்தான் வேண்டியிருக்கிறது.

விதியே கூடாது என்று வாதிடுபவன் நானல்ல. கூரிய ஆணி வைத்த செருப்போடு குழியருகே நடக்காதே என்றால், புல் கெட்டுவிடும் என்ற காரணம் இருக்கிறது. பந்து ஆள் இருக்கும் பக்கம் பறந்தால் உரக்கக் கத்தி எச்சரிக்க வேண்டும் என்றால், மண்டை தப்பும். காரணம் கேட்டால் ‘வழக்கம்’ என்று மட்டும் பதில் வருகிற விதிகளைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

விதிகளை உரசிப் பார்க்க எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு நல்ல உரைகல் உண்டு. நான் சித்தூர்ப் பக்கத்துக்காரன். சித்தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் காணிப்பாக்கம் இருக்கிறது. அங்கே கிணற்றுக்குள் சுயம்புவாக எழுந்தருளியிருப்பவர் வரசித்தி விநாயகர். அவர் சத்தியத்துக்குப் பேர்போனவர். கடன் தகராறு, வரப்புத் தகராறு, திருட்டுப் பழி எதுவானாலும் கோயில் குளத்தில் முழுகி எழுந்து, அவர் முன் நின்று சத்தியம் செய்தால் ஊர் ஏற்றுக்கொள்ளும். பொய்ச் சத்தியம் செய்ய அஞ்சிக் குளத்துப் படிக்கட்டிலேயே உண்மையைக் கக்கியவர்களின் கதைகள் எங்கள் வீடுகளில் நிறைய உண்டு. ‘காணிப்பாக்கத்துக்கு வர்றியா?’ என்று கேட்டாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

ஒரு விதியை எழுதியவர்களை அங்கே நிறுத்துவோம். ‘நீங்கள் வெளியே சொல்கிற காரணம்தான் உண்மைக் காரணமா?’ என்று கேட்போம். எத்தனை விதிகள் தேறும்?

கோல்ஃப் ஆட்டத்துக்கு முதன்முதலாக விதிகளை எழுதிவைத்தவர்கள் எடின்பரோ நகரத்து ஆட்டக்காரர்கள். ஆண்டு 1744, விதிகள் 13. பந்தை எங்கே வைப்பது, தண்ணீரில் விழுந்தால் என்ன செய்வது, பந்து தொலைந்தால் என்ன செய்வது என்று எல்லாம் ஆட்டத்தைப் பற்றியவை. யார் ஆடலாம், என்ன உடுத்தலாம் என்று ஒரு வரிகூட அதில் இல்லை. மற்றதெல்லாம் பின்னால் வந்த ஒட்டு வேலை.

அந்த எடின்பரோக்காரர்களின் வழிவந்த மியூர்ஃபீல்ட் கிளப், 2016-ல்கூடப் பெண்களை உறுப்பினராக்க மறுத்தது. பெண்கள் வந்தால் ஆட்டம் மெதுவாகும், மதிய உணவு ஏற்பாடு குலையும் என்றெல்லாம் எதிர்த்தவர்கள் காரணம் சொன்னார்கள். புகழ்பெற்ற ஓப்பன் போட்டி இனி உங்கள் மைதானத்தில் இல்லை என்று போட்டி நடத்துகிறவர்கள் அறிவித்தார்கள். மறு ஆண்டு மார்ச் மாதமே மறுவாக்கெடுப்பு நடந்தது; பெரும்பான்மையோர் கதவைத் திறக்கச் சம்மதித்தார்கள். ஆட்டத்தின் வேகமும் மதிய உணவும் பத்து மாதத்தில் எப்படிச் சரியாயின என்று யாரும் கேட்கவில்லை!

அமெரிக்காவின் தொழில்முறை கோல்ஃப் ஆட்டக்காரர் சங்கம் 1934 முதல் 1961 வரை வெள்ளையருக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை என்று தன் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தது. அகஸ்டா நேஷனல் கிளப்பின் முதல் கறுப்பின உறுப்பினர் சேர்ந்தது 1990-ல். முதல் பெண் உறுப்பினர்கள் சேர்ந்தது 2012-ல். காலர் விதியையும் இவற்றையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். எடை வேறுதான். ஆனால், ‘நம்மைப் போல் இல்லாதவன் வாசலோடு நிற்கட்டும்’ என்ற எண்ணம் இரண்டிலும் ஒளிந்திருக்க முடியும். வெளிப்படையாகச் சொல்ல வெட்கப்படும் காலத்தில் அது காலருக்குள் புகுந்துகொள்கிறது.

நம் நாட்டுக்கு வருவோம். பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழைய கோல்ஃப் கிளப் கல்கத்தாவில் 1829-ல் தொடங்கியது. 1832-ல் தோன்றிய மெட்ராஸ் கிளப் வெள்ளையருக்கு மட்டுமானது. இந்தியரும் வெள்ளையரும் கலந்து பழக ஓர் இடம் வேண்டும் என்று காஸ்மோபாலிட்டன் கிளப் 1873-ல் பிறந்தது. சேப்பாக்கம் மைதானத்தில் கிரிக்கெட் ஆடவந்த இந்திய ஆட்டக்காரர்களுக்கு வெள்ளையரோடு பெவிலியனில் அமர்ந்து உண்ண உரிமை இல்லை, மரத்தடியில்தான் சாப்பாடு. அந்த அவமானம் பொறுக்காமல் புச்சி பாபு நாயுடு 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார்.

இனி அதே சேப்பாக்கத்தில் 2014 ஜூலையில் நடந்ததைக் கேளுங்கள். தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் ஒரு முன்னாள் நீதிபதியின் நூல் வெளியீட்டு விழா. அழைப்பின்பேரில் வந்த சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமன் வாசலிலேயே தடுக்கப்பட்டார். அவர் செய்த குற்றம் வேட்டி கட்டியிருந்தது. வெள்ளைக்காரன் போய் 67 ஆண்டுகள் ஆகியிருந்தன. தடுத்தவர்களும் தமிழர், தடுக்கப்பட்டவரும் தமிழர். ஊரே கொதித்தது. அடுத்த மாதமே சட்டமன்றத்தில் ஒரு சட்டம் நிறைவேறியது. வேட்டி உடுத்தியவரைத் தடுத்தால் கிளப்பின் உரிமம் ரத்தாகும். ஓராண்டு வரை சிறையும், 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

சட்டம் வேட்டியைக் காப்பாற்றியது, நல்லதுதான். ஆனால் மனப்பான்மை அப்படியே இருக்கிறது. 2017 ஜூனில் டெல்லி கோல்ஃப் கிளப்பில், உறுப்பினர் ஒருவர் அழைத்துவந்த காசி இனப் பெண்மணியை உணவு மேசையிலிருந்து எழுந்து போகச் சொன்னார்கள். அவர் உடுத்தியிருந்தது மேகாலயாவின் மரபுடையான ஜைன்செம். அது வேலைக்காரியின் உடை போல் இருக்கிறதாம்! பின்னர் கிளப் வருத்தம் தெரிவித்தது. அது வேலைக்காரியின் உடையாகவே இருந்தாலும், விருந்தாளியாக வந்தவரை எழுப்பலாமா என்பதே என் கேள்வி.

‘கோயிலில் மட்டும் உடைக் கட்டுப்பாடு இல்லையா? திருமலையில் கல்யாண உற்சவத்தில் அமர வேட்டி கேட்கிறார்களே’ என்று ஒரு நண்பர் என்னை மடக்கினார். நியாயமான கேள்வி. அங்கே உறுப்பினர், விருந்தாளி என்ற பேதம் இல்லை. கோடீசுவரனுக்கும் கூலிக்காரனுக்கும் ஒரே விதி. மலையடிவாரத்தில் சில நூறு ரூபாய்க்கு வேட்டி கிடைக்கும், உடுத்திக்கொண்டு உள்ளே போகலாம். ஆனால் கோயில்களும் ஒரு காலத்தில் பிறப்பைச் சொல்லி மனிதரைத் தடுத்தவைதாம் என்பதை மறைக்கக் கூடாது. அப்போதும் சொல்லப்பட்ட காரணம் ‘வழக்கம்’தான். 1947-ல் சென்னை மாகாணம் ஆலயப் பிரவேசச் சட்டம் இயற்றியபோது எங்கள் சித்தூர் மாவட்டமும் அந்த மாகாணத்தில்தான் இருந்தது. உடையை மாற்றிக்கொள்ளலாம், பிறப்பை மாற்ற முடியாது. இந்த வேறுபாடு கிளப்புக்கும் கோயிலுக்கும் பொது.

சரி, ஊரார் விதிகளைப் பேசியாயிற்று. நம் வீட்டைப் பார்ப்போமா?

இந்த நாட்டுக்கு வந்த புதிதில், வேறோர் ஊரில் ஒரு தமிழ் அமைப்பில் சேரப் படிவம் வாங்கினேன். ‘தமிழ்நாட்டில் சொந்த மாவட்டம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. எங்கள் சித்தூர் 1911-ல் வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்த பகுதிகளையும் சேர்த்து உருவான மாவட்டம். 1953-ல் ஆந்திரத்தோடு போனது. 1960-ல் எல்லை திருத்தியபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு என்று வளர்ந்தவர்கள் நாங்கள். நான் ‘சித்தூர்’ என்று எழுதிக் கொடுத்தேன். ‘ஆந்திராக்காரர்களுக்குத் தனிச் சங்கம் இருக்கிறதே’ என்று படிவம் திரும்பி வந்தது. யாழ்ப்பாணத்தவரும் மலேசியத் தமிழரும் பெங்களூர்த் தமிழரும் அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருப்பார்கள்? எழுதியவர் கெட்ட எண்ணத்தோடு எழுதியிருக்க மாட்டார். அவருக்குத் தெரிந்த தமிழர்கள் அவ்வளவுதான். வழக்கொழிந்த விதிகள் பலவும் இப்படித்தான் பிறக்கின்றன.

நம் சங்கங்களில் இன்னும் எத்தனை! முன்வரிசை நாற்காலி நன்கொடையாளருக்கு. பேச்சுப் போட்டியில் ஓர் ஆங்கிலச் சொல் வந்தால் மதிப்பெண் குறைவு. பயந்துபோன குழந்தை அடுத்த ஆண்டு மேடை ஏறுவதேயில்லை. தமிழரல்லாத மனைவியோ கணவரோ குடும்ப உறுப்பினராக வரலாம், செயற்குழுவுக்கு நிற்கக் கூடாது. பொங்கல் விழாவுக்கு ஜீன்ஸில் வந்த இளைஞனைப் பார்த்து நான்கு பேர் முகம் சுளிக்கிறார்கள். சேப்பாக்கத்து வாசலில் வேட்டிக்கு நடந்ததை நம் வாசலில் ஜீன்ஸுக்கு நாம் செய்யலாமா?

என் யோசனை எளியது. அடுத்த பொதுக்குழுவில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, நம் விதிகளை ஒவ்வொன்றாக உரக்கப் படிப்போம். இது யாரைக் காக்கிறது, யாரைத் தடுக்கிறது, தடுக்கப்பட்டவர் தன்னால் இயன்றதைச் செய்து உள்ளே வர முடியுமா என்று கேட்போம். பேச்சுப் போட்டி விதிக்குக் காரணம் இருக்கலாம். தமிழில் பேசத்தானே போட்டி? அப்படியானால் சிறு பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு வைத்து அதைத் தளர்த்தலாம். மாவட்டம் கேட்கும் கட்டத்தை ‘எந்த ஊர்?’ என்று மாற்ற ஒரு பேனா போதும். செயற்குழுத் தடைக்கு என்ன காரணம் என்று எழுந்து சொல்ல யாரும் இல்லையென்றால், அதை அன்றே அடித்துவிடலாம்.

காரணம் சொல்ல எழுந்து நிற்பவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: ‘இதைக் காணிப்பாக்கத்துப் பிள்ளையார் முன் சொல்வீர்களா?’