பழனியில் மெஷின் வந்தாச்சு, ஏற்பாடு வந்தாச்சா?

பழனி மலை அப்படியேதான் இருக்கிறது. அன்றைக்கு 693 படி என்றால் இன்றைக்கும் 693 படிதான். மாறிப் போனது மலை ஏறுகிற கூட்டம்!

அந்தக் காலத்தில் தைப்பூசம், பங்குனி உத்திரம் என்றால் ஊர் நிரம்பும். வண்டி கட்டி, கட்டுச்சோறோடு வருவார்கள். ரெண்டு நாள் தங்கி சாவகாசமாகப் போவார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமை வந்தாலே திருவிழாதான். காலையில் கோவையில் பஸ் ஏறி, சாமி கும்பிட்டு, பஞ்சாமிர்தம் வாங்கி, ராத்திரிக்குள் வீடு சேரணும். மறுநாள் ஆபீஸ்!

தேவஸ்தானமும் சும்மா இருக்கவில்லை. 1966-ல் விஞ்ச் வந்தது. 2004 நவம்பரில் ரோப் கார் வந்தது. 2012-ல் நாள் முழுவதும் அன்னதானம் வந்தது. படி ஏற முடியாத பாட்டிமார் கூட மேலே போய் முருகனைப் பார்க்கிறார்கள். பாராட்ட வேண்டியதுதான்.

ஆனால் மெஷின் வாங்குவது ஒரு வேலை. மெஷின் நிற்கிறபோது ஜனங்களை என்ன செய்வது என்று யோசிப்பது வேறு வேலை. அதற்குப் பெயர்தான் நிர்வாகம்!

காற்று சொல்லிவிட்டா வரும்?

ரோப் கார் தினமும் மதியம் பராமரிப்புக்கு நிற்கிறது. மாதம் ஒரு நாள் நிற்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை வாரக்கணக்கில் நிற்கிறது. உயிர் சமாசாரம், நிற்கத்தான் வேணும். அதற்கெல்லாம் முன்கூட்டியே அறிவிப்பும் வருகிறது.

காற்று பலமாக அடித்தாலும் நிறுத்திவிடுவார்கள். அதற்கு அறிவிப்பு ஏது? காற்று சொல்லிவிட்டா வரும்?

"ஏனுங்க, ரோப் கார் ஓடலீங்களா?" என்று கேட்டபடி வரிசையில் நின்ற கூட்டம் கலைகிறது. ரோப் கார் இருப்பது தெற்குக் கிரிவீதியில். விஞ்ச் இருப்பது மேற்குக் கிரிவீதியில். கைக்குழந்தையோடும் முழங்கால் வலியோடும் அங்கே நடந்து போனால், அங்கே ஏற்கெனவே ஒரு வரிசை!

ரோப் கார் நின்ற நிமிஷமே பஸ் ஸ்டாண்டிலும் ரயில் நிலையத்திலும் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டால் என்ன? ரோப் கார் வரிசையில் ரெண்டு மணி நேரம் நின்றவருக்கு, விஞ்சில் ஏற ஒரு டோக்கன் கொடுத்தால் என்ன? இதற்கு கோடிக்கணக்கில் செலவு ஆகாது. முன்யோசனை இருந்தால் போதும்.

பணம் எங்கே? போனில்!

2023 அக்டோபர் 1 முதல் மலைக்கோயிலில் செல்போனுக்குத் தடை. சந்நிதியில் நின்று படம் பிடிக்கிற கூத்தைத் தடுக்கத்தான் வேணும். அடிவாரத்தில் போனை ஒப்படைத்துவிட்டு மேலே போகணும். ஒரு போனுக்கு 5 ரூபாய்.

சட்டம் சரிதான். ஆனால் இன்றைக்கு போன் வெறும் போனா? அதுதான் பலருக்கு மணிபர்ஸ்! டீக்கடையிலிருந்து ஜவுளிக்கடை வரை எல்லாம் போனைக் காட்டிப் பணம் கொடுத்தே பழகிவிட்டார்கள். மேலே போய் அர்ச்சனைச் சீட்டு வாங்க சட்டைப்பையைத் தடவினால், பணம் போனில் இருக்கிறது. போன் அடிவாரத்தில் இருக்கிறது!

கூட்டத்தில் பிரிந்துபோன மாமியாரை எங்கே தேடுவது? படியில் ஏறியவர் விஞ்சில் இறங்கினால், போனை வாங்க மறுபடியும் படிப்பாதை வாசலுக்கு நடக்கணும். "கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள், ஏறின வழியிலேயே இறங்குங்கள், பிரிந்தால் இன்ன இடத்தில் சந்தியுங்கள்." போனை வாங்குகிற இடத்திலேயே கொட்டை எழுத்தில் இந்த மூன்று வரி கண்ணில் பட்டால் பாதி அலைச்சல் தீரும்.

கடைக்காரர் கதி

2024-ல் ஐகோர்ட் மதுரைக் கிளை உத்தரவுப்படி கிரிவீதியில் ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட்டன. வாகனங்களுக்கும் தடை வந்தது. தேவஸ்தானம் பாட்டரி கார் விட்டது. கிரிவலம் வருகிறவருக்குப் பெரிய நிம்மதி. கார் ஹாரன் இல்லாமல் நடக்கலாம்.

வியாபாரிகளோ அதே ஆண்டில் கடையடைப்பு வரை போனார்கள். பாதை பக்தருக்குச் சொந்தம், மறுக்க முடியாது. ஆனால் வண்டி நிற்கிற இடம் மாறினால் வியாபாரமும் இடம் மாறும். தலைமுறையாகப் பொரியும் கல்கண்டும் விற்றவர் எங்கே போவார்? எடுக்கிற தேதியைச் சொல்லும்போதே, கொடுக்கிற இடத்தையும் சொன்னால் அவரும் ஒத்துழைப்பார்.

கடைக்காரரும் மாறத்தான் வேணும். வழியை மறித்துக் கூவி இழுக்கிற வியாபாரம் இனி எடுபடாது. விலைப் பலகையும் சுத்தமும் இருந்தால் நாலு தப்படி கூடுதலாக நடந்தும் ஜனங்கள் வருவார்கள்.

எடப்பாடிக்காரர் பாடம்

தைப்பூசம் முடிந்ததும் சேலம் மாவட்டம் எடப்பாடியிலிருந்து ஆயிரக்கணக்கில் பக்தர்கள் காவடியோடு நடந்து வருகிறார்கள். மலை மேலே ராத்திரி தங்கும் உரிமை வழிவழியாக அவர்களுக்கு உண்டு. டன் கணக்கில் பஞ்சாமிர்தத்தை அவர்களே தயாரிக்கிறார்கள். பழம் உரிப்பது, சர்க்கரை சேர்ப்பது, பிசைவது, பிரித்துக் கொடுப்பது என்று ஆளுக்கு ஒரு வேலை. மானேஜ்மென்ட் படித்து வந்தா இதைச் செய்கிறார்கள்? யாருக்கு எந்த வேலை என்பதில் குழப்பம் இல்லை, அவ்வளவுதான்!

அதே பாடம்தான் பழனிக்கும். தேவஸ்தானம், நகராட்சி, போலீஸ், வியாபாரிகள் நாலு பேரும் ஒரே மேஜையில் உட்காரணும். புது மெஷினோ புதுத் தடையோ வருவதற்கு முன்பே, "காத்திருப்பவர் எங்கே நிற்பார்? பிழைப்பு இழப்பவர் எங்கே போவார்?" என்ற ரெண்டு கேள்விக்கும் பதில் எழுதிவிடணும்.

ஆண்டிக் கோலத்தில் நிற்பது பழனி முருகனின் விருப்பம். கையில் காசில்லாமல் பக்தரும், கடையில்லாமல் வியாபாரியும் ஆண்டியாக நிற்க வேண்டுமா? அதிகாரிகள் கவனிப்பார்களா?