பிள்ளைகளைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள்

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வளையாது." பிரட்டுக்களத்தில் துரைமார் இதைச் சொல்கிறார்கள். மலைக்கு ஆள் இல்லை என்று கம்பெனிக்காரர்களும் இதையே சொல்கிறார்கள். போதாததற்கு, லயத்து வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும் நம்முடைய பெரியவர்களும் திருப்பிச் சொல்கிறார்கள். தொழிலாளத் தோழர்களே, இந்தப் பேச்சை நாம் ஏற்கவில்லை.

பிள்ளைகள் கேட்பது என்ன? மாதம் முடிந்தால் கைக்கு வரும் நிச்சயமான சம்பளம். மரியாதையாகக் கூப்பிடும் மேலாள். வேலைத்தலத்தில் ஒரு மலசலகூடம். இது பேராசையா? நாட்சம்பளம் 1,000 ரூபா கேட்டு நாம் எத்தனை வருடம் வீதியில் நின்றோம்! 2021இல் அது கிடைத்தது; பல தோட்டங்களில் கூடவே கிலோவையும் கூட்டினார்கள். அடுத்த வருடமே மாவும் மண்ணெண்ணெயும் ஏறிய விலையில் அந்த 1,000 ரூபா கரைந்து போனது. இதையெல்லாம் கண்ணால் கண்டு வளர்ந்த பிள்ளை கூடையைத் தூக்க மறுக்கிறது. "நான் பட்டது போதும், நீயாவது படி" என்று அதற்குச் சொல்லிக் கொடுத்ததே நாம்தானே? தாய் சொல்லைக் கேட்ட பிள்ளைக்குச் சோம்பேறி என்று பெயரா?

ஆனால் மலையை விட்டு இறங்கிய பிள்ளை எங்கே போய்ச் சேருகிறது என்பதையும் பார்ப்போம். கொழும்பில் கடை வேலை, கார்மென்ட், வெளிநாட்டில் வீட்டு வேலை. அண்மையில் ஒரு தம்பி நமது காரியாலயத்துக்கு வந்தார். கடை முதலாளி சம்பளத்தைப் பிடித்து வைத்திருக்கிறார் என்றார். கையில் ஒரு கடதாசி. "இதில் என்ன தம்பி இருக்கு?" என்று கேட்டோம். "தெரியாதுங்க அண்ணே, சைன் வைக்கச் சொன்னாங்க, வச்சேன்." சிங்களத்தில்தான் இருக்கும் என்று நினைத்து வாங்கிப் பார்த்தோம். பின்பக்கத்தில் தமிழிலும் இருந்தது! வாசிக்கச் சொன்னோம். எழுத்தெழுத்தாகக் கூட்டி இரண்டாம் வரி வரை போனார். பிறகு கடதாசியை மேசையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஒன்பது வருடம் பாடசாலைக்குப் போனவர்.

1987இல் கொண்டுவந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. தமிழையே சரளமாக வாசிக்க முடியாத பிள்ளைக்கு அந்தச் சட்டத்தால் என்ன பிரயோசனம்? அது சிங்களம் படிப்பது எப்படி, ஆங்கிலம் படிப்பது எப்படி? தாய்மொழியில் வாசிப்பு நின்ற இடத்தில் மற்ற இரண்டும் நின்றுவிடும்.

இந்தத் தவறு சாதாரண தரத்தில் நடப்பதல்ல. தரம் ஒன்றில் நடக்கிறது. நம்முடைய பாடசாலைகள் பலவற்றில் பழுத்த ஆசிரியரைச் சாதாரண தர வகுப்புக்கு விடுவார்கள், பெறுபேறு வெளியே தெரியும் என்பதற்காக. ஐந்து வயதுப் பிள்ளைக்கு மிச்சமிருப்பவர். அவர் லீவு போட்டால் "படம் கீறுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வகுப்பு டீச்சர் போய்விடுவார். அரசாங்கம் வைத்த மதிப்பும் இதுதான். 2015 அளவில் மலையகப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர் என்று சுமார் 3,000 பேரை எடுத்து மாதம் 6,000 ரூபா கொடுத்தார்கள். அப்போது நம் நாட்சம்பளம் எல்லாம் சேர்த்து 620 ரூபா. அந்தக் கணக்கில் பத்து நாள் சம்பளமே அந்த ஆசிரியரின் மாதச் சம்பளத்தைத் தாண்டிவிடும். நம் பிள்ளைகளுக்கு அகரம் சொல்லிக்கொடுக்க வந்தவருக்கு அவ்வளவுதான் பெறுமதி!

ஆசிரியர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். உங்களில் பலர் இதே லயத்துப் பிள்ளைகள். வகுப்பில் ஒரு சின்னப் பிள்ளை "அங்கிட்டு", "வெரசா" என்று வாயைத் திறந்தால் சிரிக்காதீர்கள். அது அம்மாவிடம் படித்த தமிழ். ஒரு தடவை சிரித்தால் அந்த வாய் வருடக் கடைசி வரை மூடிக்கொள்ளும். பேசாத பிள்ளை வாசிக்கவும் செய்யாது. நல்ல டீச்சர்மாரும் நம்மிடம் இருக்கிறார்கள். பிள்ளை சொன்ன சொல்லை அப்படியே கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் புத்தகச் சொல்லையும் எழுதிக் காட்டுகிறார்கள். இரண்டும் உன்னுடையது என்று பிள்ளைக்குப் புரிகிறது. (சொந்தப் பிள்ளையை டவுன் பாடசாலையில் சேர்த்துவிட்டு இங்கே வந்து பாடம் நடத்துபவர்களைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம்.)

நாமும் தப்பவில்லை. ஆசிரியர் நியமனம் கேட்டுக் கொடி பிடித்தோம். நியமனம் பெற்றவர் எந்த வகுப்பில் நிற்கிறார் என்று ஒருநாளும் கேட்கவில்லை. பெற்றார் கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று அதிபர் அம்மாமாரைக் குறை சொல்லும்போதும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். கூட்டம் காலை பத்து மணிக்கு. அந்நேரம் அவர்கள் மலையில். வந்தால் அன்றைய பெயர் போச்சு.

ஆகவே கேட்கிறோம். தரம் ஒன்றுக்கும் இரண்டுக்கும் ஆரம்பக் கல்வியில் பயிற்சி பெற்ற, கைதேர்ந்த ஆசிரியரை விட வேண்டும். அவரை வருட நடுவில் மாற்றக்கூடாது. கூட்டத்துக்குப் போகும் தாய்க்கு நிர்வாகம் பெயர் வெட்டக்கூடாது. இதை அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளத்தோடு சேர்த்து மேசையில் வைக்க வேண்டும். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போகும் தலைவர்மாரும் மாதர் தலைவிமாரும் கட்டடத்துக்குப் பூசும் பெயின்டைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வராமல், இந்தத் தவணையில் தரம் ஒன்று எத்தனை நாள் ஆசிரியர் இல்லாமல் இருந்தது என்று கேட்டு, பதிலை எழுதிக்கொண்டு வாருங்கள்.