நின்றுவிடும் நிரலும் மூடி மறைக்கும் நிரலும்



பெரம்பலூர், அரியலூர் மானாவாரி நிலங்களில் விளையும் மக்காச்சோளம் நாமக்கல் பகுதிக் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனமாகச் செல்கிறது. தீவனத்தின் கலவையைத் தீர்மானிப்பது இன்று பெரும்பாலும் கணினி நிரலே. முட்டையிடும் கோழிக்குப் புரதம் 16 முதல் 18 சதவீதம் வேண்டும். கால்சியம் 4 சதவீதத்தை ஒட்டி வேண்டும். செலவோ மிகக் குறைவாக இருக்க வேண்டும். அப்படியானால் மக்காச்சோளம் எத்தனை கிலோ, சோயாப் புண்ணாக்கு எத்தனை கிலோ? இவ்வகைக் கணக்கிற்கு நேரியல் திட்டமிடல் என்று பெயர். ஜார்ஜ் டான்ட்சிக் 1947இல் வகுத்த சிம்ப்ளெக்ஸ் முறை இன்றளவும் இதற்குப் பயன்படுகிறது. அரியலூர் சிமெண்ட் ஆலைகளுக்கான சுண்ணாம்புக்கல் கலவையையும் இதே வடிவில் எழுதிவிடலாம்.

இத்தகைய நிரல்களை எழுதும் பணியில் நம் பிள்ளைகள் பலர் இருக்கின்றனர். அவர்களின் பெரிய தலைவலி, நிரல் பாதியில் நின்றுவிடுவது. ஜிஎல்பிகே என்னும் இலவச மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதில் வரிசை எண்கள் 1இலிருந்து தொடங்கும். சி மொழிப் பழக்கத்தில் 0 என்று கொடுத்தால், அல்லது ஒரே மூலப்பொருளை ஒரே வரியில் இருமுறை பதிந்தால், அது தன்னை அழைத்த நிரலையும் சேர்த்தே நிறுத்திவிடும். முரட்டுத்தனம் என்று பலர் குறைபடுவார்கள். எனக்கு அது நேர்மையாகவே தோன்றுகிறது.

ஏனெனில் பலரும் கைக்கொள்ளும் மாற்றுவழி அதைவிட மோசமானது. பிழையைப் பிடித்து விழுங்கிவிட்டு, நேற்றைய கலவையையே இன்றைய விடைபோலத் திரையில் காட்டுகிறார்கள். இன்று வந்த சோளத்தின் ஈரப்பதம் வேறு, விலை வேறு. பண்ணைக்காரர் அதை அறியமாட்டார். முட்டை குறையும்போது கோழியைத்தான் சந்தேகிப்பார்.

முறையான வழி பொறுமையைக் கேட்கிறது. நிரல் நின்ற அந்தக் கணக்கை அப்படியே கோப்பில் சேமிக்க வேண்டும். நிபந்தனைகளை ஒவ்வொன்றாக நீக்கி, பிழை இன்னும் தோன்றும் மிகச் சிறிய கணக்கைக் கண்டறிய வேண்டும். ஒரு பொருள் கிலோவிலும் மற்றொன்று டன்னிலும் பதியப்பட்டிருந்தால் விடை தவறுவதோடு, ஆயிரம் மடங்கு வேறுபடும் எண்கள் கணக்கின் துல்லியத்தையும் கெடுக்கும். கீழ்வரம்பு மேல்வரம்பைத் தாண்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

லாரி வாசலில் நிற்கும்போது இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நேற்றைய கலவையையே பயன்படுத்துங்கள். ஆனால் இது நேற்றையது என்று சீட்டில் எழுதி, பொறுப்பானவர் கையொப்பமிடட்டும்.

நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது ஈரம் தட்டுப்பட்ட நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மழையில் நனைந்ததாக வியாபாரி சொன்னார். மழைக்காக அவரை எவரும் குறைசொல்லவில்லை. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைக்காததே கண்டிக்கப்பட்டது. நிரலில் பிழை வருவதும் மழை போன்றதுதான்.

இன்னொரு நிலையும் உண்டு. எல்லாப் பதிவுகளும் சரியாக இருந்தும், நிபந்தனைகள் அனைத்தையும் நிறைவேற்றும் கலவையே இல்லை என்று நிரல் சொல்லும். பிழையென்று எண்ணி இதை மறைப்போர் உண்டு. உண்மையில் அதுவே விடை. நம் வாரிசுரிமைச் சட்டத்தில் ‘அவ்ல்’ என்பதை அறிந்தவர்க்கு இது புதிதன்று. பெண் ஒருவர் இறந்து, கணவரும் உடன்பிறந்த சகோதரிகள் இருவரும் மட்டுமே வாரிசுகள் என்றால், கணவருக்குப் பாதி, சகோதரிகளுக்கு மூன்றில் இரண்டு; ஆறு பங்கில் மூன்றும் நான்கும் சேர்ந்து ஏழாகிவிடும். உமர் (ரலி) அவர்கள் தோழர்களிடம் ஆலோசித்து, சொத்தை ஏழு பங்காக்கி மூன்றும் நான்குமாகப் பிரித்தார்கள். யாருடைய பங்கும் சத்தமின்றி விழுங்கப்படவில்லை. எவருக்கு எவ்வளவு குறைந்தது என்பது வெளிப்படையாகத் தெரிந்தது. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் மாற்றுக் கருத்தும் மறைக்கப்படாமல் நூல்களில் நிற்கிறது.

தீவன ஆலை நடத்துவோர் மென்பொருள் வாங்கும்போது வண்ணத் திரையையும் விலையையும் மட்டுமே விசாரிக்கின்றனர். விற்பவரிடம் இதையும் கேளுங்கள்: விடை கிடைக்காத நாளில் உங்கள் நிரல் எங்களுக்கு என்ன காட்டும்? அப்படியொரு கணக்கைக் கொடுத்து, உங்கள் கண்முன்னே ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள்.