ஊமைத்துரைக்கு மேடை இல்லையா?

தூத்துக்குடி வட்டாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்து விழாவுக்குப் போயிருந்தோம். பாளையக்காரர் போரைப் புத்தகத்தில் படிக்க வைக்காமல், வகுப்பிலேயே நாடகமாக நடத்திக் கற்பித்திருப்பதாக மேடையில் பெருமையோடு அறிவித்தார்கள். நல்ல காரியம்தான். பாராட்டத் தயாராகவே உட்கார்ந்தோம்.

திரை விலகியது. ஜாக்சன் துரை நாற்காலியில் இருக்கிறார், கட்டபொம்மன் கர்ஜிக்கிறான். கால் மணி நேரம் கர்ஜனைதான். பிறகு எட்டப்பன் வந்து காதில் ஏதோ ஓதுகிறான். கயத்தாறு, தூக்குக் கயிறு, திரை! போர் எங்கே? காணோம்.

வேடங்கள் பங்கிடப்பட்ட விதத்தையும் விசாரித்தோம். வாடகைக்கு உடுப்பு எடுக்க வசதியுள்ள காண்டிராக்டர் வீட்டுப் பிள்ளை கட்டபொம்மன். உப்பளத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் அட்டை வேலோடு வந்து, வாய் திறவாமல் விழுந்து சாகிறார்கள். வாய் திக்கும் பையன் ஒருவனுக்கு அந்த வேலும் இல்லை. திரை இழுக்கிற வேலை!

"குழந்தைகள் நாடகத்திலுமா அரசியல்?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். நாம் கேட்கிறோம்: யார் குரல் ஓங்கியதோ அவனே வீரன், மற்றவனெல்லாம் விழுந்து சாகப் பிறந்தவன் என்று பிஞ்சு மனதில் பதிய வைப்பது அரசியல் இல்லையா?

1798-ல் ராமநாதபுரத்தில் கட்டபொம்மன் ஜாக்சனைச் சந்தித்தது உண்மை. ஆனால் மேடையில் முழங்கும் வசனங்கள் நாடகக்காரர்கள் எழுதியவை. 1799 அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் அவனைத் தூக்கிலிட்டார்கள். அதோடு போர் முடிந்ததா? இல்லை! பெரும் போர் அதன் பிறகுதான் மூண்டது. அதை நடத்தியவன் அவன் தம்பி குமாரசாமி. மக்கள் அவனுக்கு இட்ட பெயர் ஊமைத்துரை. பேச்சு வராதவன்!

1801 பிப்ரவரியில் அவன் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினான். கும்பினியார் இடித்துத் தரைமட்டமாக்கிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களில் மண்ணால் மீண்டும் எழுப்பினார்கள். மண் சுமந்தவர்கள் யார்? பெயர் தெரியாத எளிய மக்கள். மெக்காலேயின் படை வந்து பார்த்துத் திகைத்துத் திரும்பியது. மார்ச் 31-ல் நடந்த தாக்குதலும் தோற்றது. பெரும்படையோடு கர்னல் அக்னியூ வந்த பிறகே, மே 24-ல் கோட்டை விழுந்தது.

அந்தப் போரில் எதிர்ப்பக்கம் நின்ற வெல்ஷ் என்ற வெள்ளை அதிகாரியே எழுதி வைத்திருக்கிறான்: ஊமைத்துரை துரும்புகளை உள்ளங்கையில் அடுக்கிக் காட்டுவான், அது வெள்ளையர் படை. மறுகையால் அவற்றை ஒரே வீச்சில் துடைத்துத் தள்ளுவான். அதுவே தாக்குதல் கட்டளை! எந்த வசனம் இதற்கு ஈடாகும்?

இன்னொன்றும் அவன் எழுதுகிறான். கோட்டை விழுந்த இரவில், பிணக்குவியலில் மகனைத் தேடிப் போனாள் ஒரு தாய். குற்றுயிராய்க் கிடந்த மகன், தன்னை விட்டுவிட்டு அருகில் கிடக்கும் ஊமைத்துரையைக் காப்பாற்றச் சொன்னான். அவள் அவனைத் தன் குடிசைக்குக் கொண்டு போனாள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது, உடம்பைத் துணியால் மூடி, வைசூரியில் செத்த பிணம் என்று பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் ஓட்டம் பிடித்தார்கள்! அந்தத் தாயின் பெயர் சரித்திரத்தில் இல்லை. நம் பிள்ளைகளின் நாடகத்திலும் அவளுக்கு இடம் இல்லை.

அதே ஆண்டு ஜூன் 16-ல் சின்ன மருது வெளியிட்ட அறிக்கை திருச்சிக் கோட்டைச் சுவரிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒட்டப்பட்டது. அது ஒரு சாதியை அழைக்கவில்லை. எல்லா வருணத்தாரையும் முஸ்லிம்களையும் சேர்த்தே அழைத்தது. இன்று ஒவ்வொரு வீரனுக்கும் சாதிச் சீட்டு ஒட்டிப் பங்கு போடுகிறவர்கள், தங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் காட்சியைக் காட்டுவார்களா?

பாளையக்காரர்கள் ஏழைப் பங்காளர்கள் என்று நாம் சொல்லவில்லை. அவர்களும் குடிகளிடம் வரி வாங்கியவர்களே. எட்டயபுரம் காட்டிக்கொடுத்ததும் ஒரு தனிமனிதனின் கெட்ட புத்தியால் மட்டுமல்ல. கும்பினியோடு நின்ற பாளையத்துக்கு நிலம் பரிசாக வந்தது. 1803-ல் பாளையங்கள் ஜமீன்களாயின. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-ல் வரும் வரை உழவன் அந்தத் துரோகத்துக்கு வாரம் அளந்தான். இதைச் சொல்லாமல் எட்டப்பனைத் திட்ட மட்டும் கற்பிப்பது அரைப் பாடம்.

ஆகவே ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம்: நாடகத்தைக் கைவிடாதீர்கள், முழுமையாக்குங்கள். கயத்தாற்றில் திரையை இறக்காதீர்கள். பட்டு உடுப்பு வேண்டாம். மண் சுமக்கக் கூடை போதும். வகுப்பு முழுவதும் கோட்டை கட்டட்டும். ஒரு சிறுமி அந்தத் தாயாக வரட்டும். திரை இழுக்கும் அந்தப் பையனை நடுமேடைக்கு அழைத்து, அவன் கையில் நான்கு துரும்பு கொடுங்கள்.

அவன் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். சபை எழுந்து நிற்கும்!