முதுமையும் தனிமையும்

சங்க காலத்திலே பிசிராந்தையார் என்றொரு புலவர் வாழ்ந்தார். ஆண்டு பல சென்றும் அவர் தலையில் நரை தோன்றவில்லை. காரணம் வினவியோர்க்கு அவர் அளித்த விடை புறநானூற்றில் இடம்பெற்றுள்ளது. அவ்விடையில் அவர் மருந்தையோ உணவையோ குறிப்பிட்டாரல்லர். தம்மைச் சூழ வாழ்ந்த மனிதரையே குறிப்பிட்டார். இல்லத்தாரும் ஏவலரும் அரசனும் அவ்வரிசையில் வருகின்றனர். இறுதியாக, தம் ஊரில் வாழும் சான்றோரைக் கூறி அவர் முடிக்கின்றார். முதுமையின் சுமையை ஆண்டுகளின் எண்ணிக்கை மட்டும் தீர்மானிப்பதில்லை, அயலிலே யார் உளர் என்பதும் தீர்மானிக்கின்றது என்பதை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர்.

இன்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நம் முதியோரிடம் அதே வினாவை எழுப்பினால் என்ன விடை கிடைக்கும்? பிள்ளைகள் நற்குணமுடையவர்களே, அதில் ஐயமில்லை. ஆனால் ஒருவர் ரொறன்ரோவிலும் மற்றொருவர் இலண்டனிலும் மூன்றாமவர் மெல்பேணிலும் இருக்கின்றனர். 1983 யூலை வன்செயலும் அதன் பின் நீண்ட போரும் நம் குடும்பங்களைக் கண்டங்கள்தோறும் சிதறடித்தன. 1995 இல் யாழ்ப்பாணத்து மக்கள் பெருந்திரளாக இடம்பெயர்ந்தனர். ஊரிலே முற்றமும் கிணறும் வேலியோரம் கதைப்பதற்கு அயலவரும் பெற்று வாழ்ந்தோர் பலர், அப்போர்க் காலத்திலே தலைநகரின் தொடர்மாடி மனைகளுக்கு வந்து சேர்ந்தனர். வெளிநாட்டுப் பணம் மாதந்தோறும் தவறாது வருகின்றது. தொலைக்காட்சியும் குளிரூட்டியும் உள்ளன. கதவு மட்டும் நாள் முழுவதும் பூட்டியே கிடக்கின்றது.

இத்தகைய வீடுகளில் சுவர்க் கடிகாரம் காட்டும் நேரம் ஒன்று; மனத்தில் ஓடும் நேரம் வேறொன்று. ரொறன்ரோ நகரம் கோடையில் நமக்கு ஒன்பதரை மணி நேரமும், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் பிந்தியது. கோடையிலே மகள் அங்கு வேலை முடித்து இரவு ஏழு மணிக்கு வீடு திரும்பும்போது இங்கு விடியற்காலை நாலரை மணி. ஆகவே தாய் நான்கு மணிக்கே எழுந்து, கைத்தொலைபேசியை மடியில் வைத்துக் காத்திருக்கின்றார். அழைப்பு வந்தால் பத்து நிமிடம் உலகமே ஒளிபெறுகின்றது. வராவிடின் அன்றைய பொழுது முழுவதும் பாழாகின்றது. பிள்ளைகள்மேல் வைத்த பாசம் குற்றமன்று. ஆயினும், ஒரு நாள் முழுவதையும் அந்தப் பத்து நிமிடத்திற்கு ஈடு வைத்துவிடுவது பெருந்துன்பத்திற்கு வழியாகும்.

இதனை ஒரு சில வீடுகளின் துயரமென்று தள்ளிவிடுதல் இயலாது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதே இலங்கை மக்களில் 12.4 வீதமானோர் 60 வயதை எட்டியிருந்தனர். அவ்வீதம் அதன் பின்னரும் உயர்ந்தே வந்துள்ளது. பிரித்தானியா 2018 இலும் ஜப்பான் 2021 இலும் தனிமைப் பிரச்சினைக்கென அமைச்சர்களைப் பொறுப்பாக்கின. உலக சுகாதார நிறுவனம் 2025 இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேருக்கு ஒருவர் தனிமையுணர்வால் வருந்துகின்றனர் என்றும், ஆண்டுதோறும் ஏறத்தாழ 871,000 மரணங்கள் அதனோடு தொடர்புடையன என்றும் மதிப்பிட்டது. நம் நாட்டிலே, 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் பேணுதல் பிள்ளைகளின் கடமையென விதித்துள்ளது. தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர், அதற்கென அமைந்த சபையிடம் முறையிட்டுப் பராமரிப்புப் பணம் கோரலாம். நல்ல சட்டமே. எனினும், பணம் கொடுக்குமாறு பணிக்கும் சபை, பக்கத்தில் அமர்ந்து அரை மணி நேரம் பேசுமாறு பணிக்க முடியுமா?

ஆகவே, தனிமையை வெல்லும் முயற்சியின் ஒரு பகுதி முதியோரின் கையிலேயே உள்ளது. முதுமையைப் பற்றி ஒருவர் என்ன எண்ணுகின்றார் என்பது அவர் வாழ்நாளையே தொடுகின்றது. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள ஒக்ஸ்போர்ட் என்னும் ஊரில், 50 வயதும் அதற்கு மேலும் ஆன 660 பேரிடம் தத்தம் முதுமையைப் பற்றிய எண்ணங்களைக் கேட்டு முன்னர் பதிவு செய்திருந்தனர். பெக்கா லெவி என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் அப்பதிவுகளை ஆராய்ந்து, 2002 இல் முடிவை வெளியிட்டனர். முதுமையை நல்லதாக நோக்கியோர் மற்றையோரைவிட ஏழரை ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தனர். உடல்நிலை, வருவாய், தனிமையுணர்வு ஆகியவற்றைக் கணக்கிற் கொண்ட பின்னரும் அவ்வேறுபாடு மறையவில்லை.

ஆனால் நல்ல எண்ணம் வெறும் அறிவுரையால் வருவதன்று. "மகிழ்ச்சியாக இருங்கள்" என்று கூறிச் செல்வது எளிது. கூறிவிட்டுச் சென்றபின் கதவு மீண்டும் பூட்டப்படுகின்றது. நாம் வேண்டுவது ஒன்றே. பிறருக்காகக் காத்திருப்பதோடு முதியவர் அமைந்துவிடலாகாது; நாள்தோறும் ஒரு வேளையிலேனும் பிறரால் எதிர்பார்க்கப்படுபவராக வாழ்தல் வேண்டும். மாலை ஐந்து மணிக்குக் கீழ்த்தளத்தில் ஒருவர் நமக்காக நிற்பார் என்று தெரிந்தால், மரைன் டிரைவ் வரை நடப்பதற்கு முழங்காலும் இணங்கும். 1942 இல் தொடங்கப்பெற்ற கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் வெள்ளவத்தையில் உண்டு. அங்கு குறித்த நேரத்திற் சென்று பத்திரிகை வாசிப்பவர் ஒரு நாள் வராவிடின், அடுத்த நாற்காலியில் இருப்பவர் "ஐயாவைக் காணவில்லையே" என்று கேட்பார். கொட்டாஞ்சேனை விவேகானந்த சபையின் சைவசமயப் பாடப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை அடுத்த வீட்டில் இருக்கலாம். தாய் தந்தையர் இருவரும் வேலைக்குச் செல்லும் அவ்வீட்டில், தேவாரம் சொல்லிக்கொடுக்க ஓர் ஆச்சி கிடைத்தால் வேண்டாமென்பாரோ? எதிர்வீட்டார் சிங்களவராயினும் முஸ்லிம்களாயினும், தைப்பொங்கலன்று ஒரு கிண்ணம் பொங்கலுடன் கதவைத் தட்டுவதற்கு மொழி தடையன்று.

இவ்வாறு எதிர்பார்க்கப்பட்டு வாழ்ந்த ஒருவரை நாம் அறிவோம். அவர் எழுத்தாளர் டொமினிக் ஜீவா. 1927 இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, முடிதிருத்தும் தொழிலாளியாக வாழ்ந்து, 1966 இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கியவர். போர்க்காலத்தில் ஊரை விட்டுக் கொழும்புக்கு வந்தபோது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. பழகிய தெருக்களும் நண்பர்களும் பின்னால் நின்றுவிட்ட அந்த வயதில், இனி ஓய்வென்று அவர் அமர்ந்திருக்கலாம். அவரோ கொட்டாஞ்சேனையை அடுத்த ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து மல்லிகையை மீண்டும் நடத்தினார். எண்பது வயதைத் தாண்டியும் நடத்தினார். இதழை எதிர்பார்க்கும் வாசகரும், தம் கதை அச்சேறுமா என்று எதிர்பார்க்கும் இளைஞரும் அவருக்கு இருந்தனர். 2021 இல், 93 ஆவது வயதில், அவர் காலமானார். எல்லோரும் இதழ் நடத்த இயலாது. ஆயினும் தம்மை எதிர்பார்க்கும் ஒருவரைத் தேடிக்கொள்ளுதல் எவர்க்கும் இயலும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் கூறுதல் நம் கடன். ஐம்பது ஆண்டு உடன் வாழ்ந்த துணையை இழந்தவரிடம் உடனே நடைப்பயிற்சியைப் பற்றிப் பேசுதல் கொடுமை. துக்கத்திற்கு அதற்குரிய காலம் வேண்டும். ஆனால் வாரக்கணக்கில் உணவு செல்லாமலும் உறக்கம் வாராமலும், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் மேலோங்கினால், அது நோய், மருத்துவரிடம் செல்லவேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்துடன் எந்நேரமும் பேசலாம். நீரிழிவுக்கு மருந்து எடுப்பதில் வெட்கமில்லையெனின், இதற்கும் வெட்கம் எதற்கு?

இளைஞர்க்கும் மாணவர்க்கும் ஒரு சொல். கடல் கடந்திருக்கும் பிள்ளைகள் பெற்றோரை அழைக்கும்போது, "சாப்பிட்டீர்களா, மருந்து எடுத்தீர்களா" என்று நோயாளியை வினவுவதுபோல் வினவி முடித்துவிடுகின்றனர். அதனோடு நில்லாமல் அவர்களிடம் ஒன்றைக் கேட்டுப் பெறுங்கள். தூள் இடிக்க மல்லி எவ்வளவு, மிளகாய் எவ்வளவு என்று தாயிடம் கேளுங்கள். ஊர்க் காணியின் எல்லை எது, பாட்டனார் எந்தப் பள்ளியிற் படிப்பித்தார் என்று தந்தையிடம் கேளுங்கள். தம்மிடமிருந்து பெறுவதற்கு இன்னும் ஏதோ உண்டு என்று உணரும் முதியவர் நிமிர்ந்து அமர்வார். அழைக்கும் நேரத்தையும் வாரத்தில் இன்ன நாள், இன்ன மணி என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். மற்றை நாட்கள் அவர்களுக்குச் சொந்தமாகட்டும். கொழும்பிலுள்ள மாணவர்களே, உங்கள் மாடிப்படியில் மூடிய கதவு எதுவென்று உங்களுக்குத் தெரியும். மின்தூக்கி பழுதான நாளில் ஒரு பாண் வாங்கிக்கொடுக்கவேனும் அக்கதவைத் தட்டுங்கள்.

பிசிராந்தையாருக்கு வாய்த்ததுபோன்ற ஊர் தானே அமைவதன்று. ஒரு தொடர்மாடியின் பன்னிரண்டு கதவுகளுக்குள் ஓர் ஊர் அடங்கியிருக்கின்றது. உள்ளிருப்போர் தாழைத் திறக்கவேண்டும், வெளியிலிருப்போர் தட்டவேண்டும். இவ்விரண்டும் நிகழ்ந்தால் வாழ்வின் மாலைப்பொழுது இருள்வதில்லை.