புதுசா, புதுப்பித்ததா?

“கேமரன் மலைக்குப் போகிறோம், என்ன கேமரா வாங்கலாம்?” என்று நேயர்கள் கேட்டால், தொழிற்சாலையில் புதுப்பித்ததையும் பாருங்கள் என்பேன்.

இது சாதாரண செகண்ட் ஹேண்ட் அல்ல. வாங்கியவர் திருப்பிக் கொடுத்தது, காட்சிக்கு வைத்தது, சிறு பழுதோடு வந்தது ஆகியவற்றைத் தயாரித்த நிறுவனமே சோதித்து, பழுது நீக்கி, குறைந்த விலைக்கு விற்கிறது.

வாங்குமுன் மூன்றைக் கேளுங்கள். புதுப்பித்தது நிறுவனமா, கடைக்காரரா? உத்தரவாதம் மலேசியாவில் செல்லுமா? ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது? பல டிஎஸ்எல்ஆர்களின் ஷட்டர் சுமார் 100,000 முறை இயங்கும் என்று கணக்கிட்டே செய்யப்படுகிறது.

லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் இழை தெரிந்தால் அது பூஞ்சை, வேண்டாம். நம் நாட்டு ஈரத்தில் அது இன்னும் பரவும். வாங்கியபின் ஈரம் புகாத பெட்டியில் வையுங்கள். மலைக்குளிரிலிருந்து தாப்பாவுக்கு இறங்கியதும் பையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடி வியர்க்கும்.

ரசீது பத்திரம்! பொருளில் குறையிருந்து கடை கைவிரித்தால், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி, 50,000 வெள்ளி வரை இழப்பீடு கோரலாம்.

1929இல் தொடங்கிய போ தோட்டத்தின் பச்சைச் சரிவை எல்லோரும் படமெடுக்கிறோம். அந்த மலையில் கொழுந்து பறித்த பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால், அவர் கைகளையும் எடுங்கள். மிச்சமான பணத்தில் அச்சடித்து, சட்டம் போட்டு, அவரிடமே கொடுங்கள்.